ஆள் கணக்கு

சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு
பாமணி ஆற்றோர அரிசி ஆலையில்
நான் கோடு போடுவேன்.
அடிக்கோல் வைத்து, சிவப்பு மையில்.
இடப்பக்கம் ஆள்.
வலப்பக்கம் பெண்ணாள்.
ஆறு வருஷத்தில் ஒரு கோடும் கோணியதில்லை,
மன்னார்குடி ஆடிட்டரே சொல்லியிருக்கிறார்.

ஆள் பக்கத்தில் பெயர்கள் இருக்கும்,
ஆளுக்கு அறுநூற்றைம்பது.
பெண்ணாள் பக்கத்தில் எண்ணிக்கை மட்டும்:
பதினொன்று, பெருக்கல் முந்நூற்றிருபது.
மொழி எனக்கு முன்பே
பிரித்து வைத்துவிட்டது, நான் கூட்டுகிறவள்தானே
என்று இருந்துவிட்டேன்.
கூட்டலில் பிழை இல்லை.
அதனால் தூக்கமும் வந்தது.

களத்தில் தையல்நாயகி
வெந்த நெல்லைக் காலால் கோதிக்கொண்டே நடப்பாள்,
மாசி வெயில் சிமென்ட்டில் ஏறி
உள்ளங்கால் வழியே திரும்பும்.
நடுவில் குனிந்து நாலு மணி எடுத்து
கடைவாயில் வைத்துக் கடிப்பாள்.
"இன்னொரு பெரட்டு" என்பாள்.
அந்தப் பல் சரியென்று சொல்லாமல்
ஆலையில் பெல்ட் சுற்றாது.
பதம் தப்பினால் அரிசி நொய்,
போன லாரி திரும்பி வரும்.

பதம் பார்ப்பதற்கென்று
வாரம் இருநூறு படி உண்டு.
அது கொதிகலன் சிங்காரவேலு பெயரில்.

கார்த்திகை மழையில் ஏட்டு அறை ஒழுகியது.
பழைய கட்டுகளை மேசைக்கு மாற்றினேன்.
எனக்கு முன் இருந்த கணக்கர் தியாகேசன்
விட்ட பக்கத்திலிருந்துதான் தொடங்கியிருந்தேன்,
முந்தின பக்கத்தைப் புரட்டியதில்லை.
புரட்டினேன்.
தியாகேசன், மாதம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு.
இதே மேசை. ஒரு கால் குட்டையான இதே நாற்காலி,
அவர் மடித்து வைத்த அட்டைகூட அப்படியே.
ஆறு வருஷம் கழித்து எனக்கு ஒன்பதாயிரம்.

முதலாளி கெட்டவர் இல்லை.
எனக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டுத்தான் சொன்னார்,
"அவரு குடும்பஸ்தரும்மா."
வீட்டில் எனக்கு நாலு தட்டு கழுவணும்.
அது குடும்பம் இல்லையென்றால் வேறென்ன என்று
வலங்கைமான் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனதில்
இறங்குமிடம் தாண்டிவிட்டது.

மாசி இரண்டாம் சனி, வேறு மாதிரி கோடு போட்டேன்.
பெயர். வேலை. நேரம். கூலி.
தையல்நாயகி: களம், பதம் பார்த்தல், ஆறரை முதல் ஐந்து வரை.
சிங்காரவேலு: கொதிகலன், எட்டு முதல் ஐந்து வரை.
பதினொரு பெயரையும் களத்தில் போய்க் கேட்டு எழுதினேன்.
இரண்டு பேர் எதற்கு என்றார்கள்.
ஒருத்தி புருஷன் பெயரைச் சொன்னாள்.
கூலிக் கட்டத்தைக் காலியாக விட்டு
"நீங்களே போட்டுடுங்க சார்" என்று நீட்டினேன்.

பேனாவைத் திறந்தார். மூடினார்.
"பெண்ணாள் பக்கம் எங்க?"
"பேர் இருக்கு சார்."
வாசலில் நின்ற சிங்காரவேலு கத்துவார் என்று பார்த்தேன்.
"பதம் அதுதான் பாக்குது, நான் வாங்குறேன், உள்ளதுதான்"
என்றவர், உடனே
"அதுக்காக எனக்குக் கொறச்சிராதீங்க" என்றார்.
மூட்டைக்காரர்கள் சிரித்தார்கள்.
முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

அந்த வாரம் பழைய கூலிதான்.
அடுத்த வாரம் பதம்படி பிரிந்தது,
தையல்நாயகிக்கு நூறு, அவருக்கு நூறு.
மற்ற பத்துப் பேருக்கு ஒன்றுமில்லை.
என் சம்பளம் "சித்திரைக்குப் பாப்போம்."

நூறு ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு
அவள் நகரவில்லை.
நெல் கடிக்கும்போது நிற்பாளே, அப்படி நின்றாள்.
"அப்ப இத்தன வருசத்துக்கு?"

இரவு எட்டு மணி. ஆற்றுப் பக்கம் தவளைச் சத்தம்.
நிலுவை போட்டுப் பார்க்கலாமென்று
பழைய ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.
பதினொன்று. பத்து. பன்னிரண்டு. பதினொன்று.
எல்லாம் என் மணிமணியான கையெழுத்து.
இதில் எந்த ஒன்று நீ,
தையல்நாயகி?