மூன்றாம் கேள்வி

நீங்கள் தோற்ற ஒரு தருணத்தையும்
அதில் கற்றதையும் விவரிக்கவும்.
ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல்.

சாட்ஸ்வர்த்தில் எட்டு மணிக்குப் போன மின்சாரம்
பத்தரைக்குத்தான் வரும்.
மடிக்கணினியில் நாற்பத்தொரு சதவீதம்.
விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நாளை.

முதல் வரைவில்
கல்லூரி வலைப்பந்து அணியைத் தோற்கவைத்தேன்.
பிரனேஷன் வாசித்துவிட்டுச் சிரித்தான்.
"இது தோல்வியா சலோஷினி?
'என் ஒரே குறை, அதிகம் உழைப்பது'
என்பார்களே, அந்த ரகம்."
போன வருஷம் இடம் கிடைத்தவன்.
அழித்தேன்.

எனக்கு வேறொன்று இருக்கிறது.

துறைமுகத்தில் குளிர்பெட்டகங்கள் என் பொறுப்பு.
பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும்
வரிசை வரிசையாக நடந்து
ஒவ்வொன்றின் டிகிரியையும் பார்த்து
தாளில் குறித்துக் கையெழுத்திட வேண்டும்.
அந்த ஜனவரி இரவு மழை.
அறைக்குள்ளிருந்தே நிரப்பினேன்:
ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று.
தேநீர்கூட ஆறவில்லை.

பதினோராம் வரிசையில் ஒரு பிளக் கழன்றிருந்தது.
உள்ளே ரோட்டர்டாமுக்குப் போக வேண்டிய லிட்சி.
காலையில் திறந்தபோது
பழம் முழுக்கத் தோல் கறுத்திருந்தது.
பெட்டகத்தின் பதிவுக்கருவியிலும் பேட்டரி செத்திருந்தது,
ஆகவே சாட்சி என் தாள் ஒன்றுதான்.

தாளின்படி இரண்டு மணிக்கு எல்லாம் சரி.
மூன்று மணிக்கு அந்த வரிசையில்
பிளக்குகளைத் தொட்டவன் லுங்கெலோ.
"நான் போனபோதே கழன்றுதான் கிடந்தது,
நான்தான் செருகினேன்" என்றான்.
செருகியதற்குக் கையெழுத்து கேட்கும் கட்டம்
எந்தத் தாளிலும் இல்லை.

விசாரணையில் என்னிடம் ஒரே கேள்வி:
இது உங்கள் கையெழுத்துதானே?
ஆமாம் என்றேன்.
பொய் இல்லை அது.

பிறகு ஒரு தடவை அவனைப் பார்த்தேன்,
வாரிக் சந்திப்பு டாக்சி நிலையத்தில்.
தோள் நிறைய சார்ஜர் வயர்கள்.
ஒன்றை நீட்டினான்,
நாற்பது ராண்ட் என்றான்,
பேரம் பேசாமல் கொடுத்தேன்.
மீதி பத்து ராண்டை எண்ணி என் கையில் வைத்தான்.
அந்த வயரில்தான் இந்தக் கணினிக்கு
கைபேசியிலிருந்து இணையம் வருகிறது.

இரண்டாம் வரைவு நன்றாக வந்தது.
நானூற்றுத் தொண்ணூற்றேழு சொல்.
அதில் லுங்கெலோ 'ஒரு சக ஊழியர்'.
அதில் தவறு நேர்ந்தது, இழப்பு ஏற்பட்டது,
நடைமுறைகள் மேம்படுத்தப்பட்டன.
யாருமே எதையும் செய்யாமல்
எல்லாம் நடந்து முடிந்திருந்தது.
முழுப் பூசணிக்காயை
இத்தனை கொஞ்சம் சோற்றில் மறைக்க முடியும் என்று
எனக்கே தெரியாது.

கூடவே போக வேண்டியது
மேலாளர் வான் டோண்டரின் சிபாரிசுக் கடிதம்.
நல்ல மனிதர்; அனுப்புமுன் என்னிடம் காட்டினார்.
"நெருக்கடியிலும் இவருடைய ஆவணங்கள் பிசகுவதில்லை.
ஜனவரி விசாரணையில் நேரில் கண்டேன்."
நன்றி சார் என்றேன்.
ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்ததை மட்டும்
சுட்டிக்காட்டினேன்.

பதினெட்டு சதவீதம்.
எல்லாவற்றையும் அழித்துவிட்டு அடித்தேன்:
நான் பார்க்கவில்லை. பார்த்ததாக எழுதினேன்.
அவன் வேலை போனது.

ஏழு சொல்.
கற்றதை எழுத
நானூற்றுத் தொண்ணூற்று மூன்று மீதம் என்கிறது திரை.
இந்த ஏழும் அந்தக் கடிதமும்
ஒரே விண்ணப்பத்தில் போக முடியாது.

பத்தரை.
தெரு முழுக்க ஒரு கூச்சல், விளக்குகள்.
சமையலறையில் குளிர்பெட்டி
தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தது.
நானும் எழுந்தேன்.
சத்தம் கேட்கிறதே, ஓடுகிறது என்றுதான் அர்த்தம்.
இருந்தாலும் கதவைத் திறந்து
குனிந்து பார்த்தேன்.
பதினொன்று.
இறங்குகிறதா என்று
அங்கேயே நின்றேன்.