மாற்றித் தரப்படும்

லாபிஸில் தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள்.
ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் எங்கள் கடை,
அந்தப் பக்கம் முழுக்கச் செம்பனை.
சம்பளம் போட்ட சனிக்கிழமை
ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல்
மழை சொட்டச் சொட்ட வந்து நிற்கிறார்கள்
வீட்டுக்காரர்கள்.

"ஒரு சீலை குடும்மா. நல்லதா."
என்ன நிறம்?
யோசிக்கிறார்கள்.
இருபது வருஷமாய் ஒரே கூரைக்குக் கீழே இருப்பவளின்
பிடித்த நிறம்
அந்த ஹெல்மெட்டுக்குள் எங்கேயோதான் இருக்கிறது.
"நீ கட்டியிருக்கிற மாதிரியே குடு."
நான் கட்டியிருப்பது கடைச் சீருடை.

சிரிக்கக் கூடாது. உட்காரவும் கூடாது.
உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடுமாம்,
எங்களுக்கு நாற்காலி போடவில்லை முதலாளி.
நின்றபடி மடிக்கிறேன்,
தங்கத் தாள் சுற்றுகிறேன், சிவப்பு நாடா கட்டுகிறேன்.
என் முடிச்சு தனி. இடது கைக்காரி நான்.
ஒரு காது எப்போதும் குட்டையாய் நிற்கும்.

கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறது:
பொருள் மாற்றித் தரப்படும்.
பணம் திருப்பித் தரப்படாது.

ஒவ்வொரு வருஷமும்
பண்டிகை முடிந்த நாலாம் நாள்
பெண்கள் வருவார்கள்.
எனக்குப் பிடித்தது அந்த வாரம்தான்.

உதிரிப்பழம் பொறுக்கும் தவமலர்
பட்டை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டாள்:
"இதுக்கு ஈடா முழங்கால் உசர பூட்ஸ் இருக்கா?
முள்ளு ஏறாதது."
ஜவுளிக்கடையில் பூட்ஸுக்கு எங்கே போவது?
இரண்டு போர்வையும் ஒரு மேசை விரிப்பும் எடுத்துப் போனாள்,
விற்றுப் பார்க்கிறேன் என்று.

பள்ளிக் கேன்டீன் குணவதிக்கு
காடி ஓட்ட லைசன்ஸ் எடுக்க வேண்டும்.
"காசு கேட்டேன், சீலை வந்துச்சு.
இதையும் கட்டிக்கிட்டு
அவரு முதுகுக்குப் பின்னாலதானே போகணும்?"

இன்னொருத்தி மாற்றவே வரவில்லை.
விலை மட்டும் கேட்டாள்.
நூற்றெண்பது வெள்ளி என்றேன்.
"அவ்வளவா" என்றாள்.
"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா..."
பஸ் வந்துவிட்டது.

அந்த மாம்பழ மஞ்சளைப் பற்றியும் சொல்ல வேண்டும்.
போன தீபாவளிக்குக் கிராணி வீட்டுக்குப் போனது.
பொங்கலுக்கு ஒருத்தி கொண்டுவந்தாள்,
தாள் கசங்கிவிட்டது, புதிதாய்ச் சுற்றித் தரச் சொல்லி.
சித்திரையில் வேறொருத்தி, சிகாமட்டிலிருந்து.
நாடாவைப் பார்த்தேன். குட்டைக் காது.
நான் வாயைத் திறக்கவில்லை.
தாளுக்கு மூன்று வெள்ளி வாங்கிக்கொண்டேன்.
ஒரு உடம்பையும் தொடாமல்
என்னைவிட அதிக வீடு பார்த்துவிட்டது அது.

என்னவர் சிங்கப்பூரில், இரவு வேலை.
கைப்பேசியில் முகம் பாதிதான் தெரிகிறது.
"ஒனக்கு என்னா வேணும்?"
"ஒண்ணும் வேணாம்."
உடனே நம்பிவிடுகிறார்.

நேற்று ராத்திரி நாத்தனார் வந்தாள்.
கையில் தங்கத் தாள்.
"அண்ணன் காசு அனுப்பிச்சு அண்ணி,
நான்தான் பாத்துப் பாத்து எடுத்தேன்."
சிவப்பு நாடா.
அதில் ஒரு காது குட்டை.

வாய்விட்டுச் சிரித்தேன்.
சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு
அவளும் சிரித்தாள்.
கொஞ்சம் சந்தோஷமும்தான்.
அந்த நூற்றெண்பதில் என்ன வாங்கினாளோ,
கேட்கவில்லை.
அவளுக்கு வேண்டியதாகவே இருக்கட்டும்.

இன்று மத்தியானம்
முதலாளி பேங்குக்குப் போன நேரம்
பின்னறைக்குப் போனேன்.
சென்னையிலிருந்து வந்த புது மூட்டை,
இன்னும் பிரிக்கவில்லை,
எண்பது சீலை.
அதன் மேல் உட்கார்ந்தேன்.
செருப்பைக் கழற்றினேன்.
கால் விரல்கள் ஒவ்வொன்றாய் என்னிடம் திரும்பி வந்தன.

பதினோரு நிமிஷம் இருக்கும்.
வாசலில் ஒரு ஹெல்மெட் இருமியது.
"கடையில யாரும் இருக்கீங்களா?"

இருக்கேன்.
கொஞ்சம் நில்லுங்க.