ரொம்ப நன்றி, தண்ணி போதும்

ஒம்பதாம் நாள் காலையில்
கீழவளவுக் குழாய்களில் காத்து வந்தது,
அதுவும் இருமி இருமி.
வீரவநல்லூரில் நின்று கை நீட்டினால்
ஆறு தொட்டுவிடும் என்பார்கள் வெளியூர்க்காரர்கள்.
எங்கள் சருவப்பானையில் பல்லி கிடந்தது.

ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே
வளவுக் குழுவில் எழுதினேன்:
‘தண்ணி ஆறா ஓடுது தம்பி.
பிள்ளைய எல்லாம் அடுக்களைல நீச்சல் படிக்குதுவ.
ரொம்ப நன்றி, போதும்.
கொஞ்சம் அடைச்சு வையுங்க.’

மும்தாஜ் மதினி சிரித்தது
மச்சிலிருந்து எனக்கே கேட்டது.
எதிர்வீட்டுச் சங்கரபாண்டியன்
பல்குச்சியோடு வெளியே வந்து சிரித்தார்.

மாதையன் சிரிக்கவில்லை.
தர்மபுரிப் பக்கத்துப் பையன்.
பம்ப் ஆபரேட்டராக வந்து பதினோரு நாள்.
‘சரிங்கக்கா’ என்று போட்டான்,
சைக்கிளை எடுத்தான்,
நடுத்தெரு வால்வை ஏழு சுற்று அடைத்தான்.

காத்தும் நின்றுபோனது.

மத்தியானத்துக்குள்
வளவு மொத்தமும் என் தையல்கடை வாசலில்.
‘வாங்க மகராசி,
ஒங்க புண்ணியத்துல சோப்பு மிச்சம்’ என்றாள் ரோசம்மா.
அதில் மகராசி எது, புண்ணியம் எது என்று
எனக்கு யாரும் கோடு போட்டுக் காட்டவில்லை.
அவள் இடுப்பில் வெறுங்குடம் இருந்தது.
‘சோப்பு’ சொல்லும்போது மூக்குத்தி ஒருதரம் ஏறி இறங்கியது.

ஆசீர் சார் கணக்கு வாத்தியார்.
‘கடைசில கண்ணடிக்கிற மூஞ்சி ஒண்ணு போட்டிருக்கலாம்லா,
வேலை முடிஞ்சுபோச்சு’ என்றார்.
அடைப்புக்குறிக்குள் ‘சும்மா’ன்னு போடு என்றார் இன்னொருத்தர்.
போட்டுப் பார்த்தேன், அனுப்பாமல்.
தையலை வெளிப்பக்கம் காட்டிக்கொண்டு
சட்டையை மாற்றிப் போட்டவன் மாதிரி நின்றது வாக்கியம்.
அழித்தேன்.

எங்க அம்மை ‘நல்லா இருப்ப’ என்றால்
நிற்கவா ஓடவா என்று
அந்த ‘லா’வின் நீளத்தை வைத்துத்தான் தெரியும்.
சோறு போடும்போது ஒரு நீளம்,
விளக்குமாறு கையில் இருந்தால் வேறு.
எழுத்தில் எல்லா ‘லா’வுக்கும்
ரெண்டே மாத்திரை.

ஆனாலும் ஒன்று சொல்லணும்.
அளவு ரவிக்கை இல்லாமல்,
ஆளையும் பார்க்காமல்,
துணியை இன்னொரு கைக்கு வெட்டக் கொடுத்தால்
நான் சாக்கட்டியால் கோடு போட்டுத்தான் கொடுப்பேன்.
ஒரு தண்ணியில் போய்விடும் கோடு.
அதைப் போட என்றைக்கும் வெட்கப்பட்டதில்லை.
இதுக்கு மட்டும் ஏன் கை கூசுகிறது?

சாயங்காலம் வால்வடிக்குப் போனேன்.
மூடியில் திற, மூடு என்று பெயிண்டில் எழுதியிருந்ததில்
‘தி’ மட்டும் மிச்சம்.
மாதையன் குழிக்குள் குனிந்திருந்தான்.
‘நெசமாத்தான் வழியுதுன்னு நெனச்சியா?’
நிமிர்ந்து பார்த்தான்.
‘எங்க ஊர்ல தண்ணிய வெச்சு
யாரும் வெளையாட மாட்டாங்கக்கா.’
என்ன சொல்வது என்று தெரியவில்லை.
டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
ஏழு சுற்று திறந்தான்.
பிறகு, என்னைக் கேட்காமலே,
இன்னும் மூணு.

ராத்திரி எட்டேகாலுக்கு வந்தது தண்ணி,
முதலில் துரு, பிறகு கலங்கல்,
பிறகு தண்ணி.
கூடவே குழுவில் மாதையன்:
‘அக்கா மாதிரி நாலு பேர் இருந்தா போதுங்க,
இந்த ஊருக்குத் தண்ணிக் கஷ்டமே வராது.’

மூஞ்சி இல்லை, புள்ளி இல்லை.
ரெண்டு தரம் படித்தேன்.
வாய்விட்டு அவன் குரலில் ஒருதரம்,
ரோசம்மா குரலில் ஒருதரம்.
பதினோரு நாள்தானே ஆகுது இவன் வந்து?

குடம் நிறைந்து காலடியில் வழிந்தது.