தலைக்கணக்கு

பாம்பன், நாற்பத்து மூன்று, ஆடிக் கச்சான்.
படிவத்தின் மேல் கல்லை வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும்.
அது பஞ்சாயத்து போர்டு கல்.
அதற்கும் ஒரு நம்பர் இருந்தது.

பாலத்தில் துப்பாக்கிக்காரன் நிற்கிறான்.
கலங்கரை விளக்கின் கண்ணைக் கட்டிவிட்டார்கள்.
வள்ளங்களுக்கெல்லாம் வெள்ளைச் சாயத்தில் எண் போட்டாயிற்று.
மிச்சம் மனிதர்கள்.
அவர்களை எண்ணுவதற்கு
மாதம் பதினெட்டு ரூபாய்க்கு என்னை வைத்தார்கள்.

ரங்கூன் அரிசி நின்றபிறகு
ஊருக்கு வந்ததெல்லாம் கணக்குதான்.
தலைக்கு இத்தனை அவுன்ஸ்.
அவுன்ஸ் என்றால் எவ்வளவு என்று கேட்டவர்களுக்கு
உள்ளங்கையைக் குவித்துக் காட்டினேன்.
"ஒங்க கை பெருசாத்தான் இருக்கு,
கடைக்குப் போனா சிறுத்துப் போகுதே" என்றாள்
உப்பு வண்டிக்காரன் பெண்டாட்டி.

பிரசிடெண்ட் முத்திருளப்பர் வீட்டில்
பதினொரு தலை எழுதச் சொன்னார்.
ஏழைத்தான் பார்த்தேன்.
மற்ற நாலு பேர்?
"அந்த நாலு பேரும் போன எலெக்‌ஷன்ல ஓட்டுப் போட்டவுங்க, தம்பி.
ஓட்டுப் போட்டவன் சோறு திங்க மாட்டானா?"
எழுதினேன்.
மண்டி அவருடையது. யுத்த நிதிக் கமிட்டி அவருடையது.
இருட்டடிப்பு வார்டன் அவர் மைத்துனர்;
விளக்கெரிந்த வீட்டுக்கு அபராதம் போட்டுவிட்டு
விளக்கில்லாத தெருவில் மூட்டை இறக்குவார்.
விமானம் ஒன்றும் வரவில்லை.
மாட்டு வண்டிகள் வந்தன,
சலங்கையை அவிழ்த்துவிட்டு.

வடக்குக் கரையில் பிலோமியாள் வீடு.
ஓலைத் தட்டியைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தாள்.
கையெல்லாம் சாளைச் செதில்.
எத்தனை பேர்?
"நாலு."
நான் பார்ப்பது மூன்று.
"எங்க வீட்டுக்காரரும்."
எங்கே?
"கப்பல்ல."
எந்தக் கப்பல்?
"கப்பல்ல" என்றாள் மறுபடி.

சந்தியாகு
கரி அள்ளிப் போடும் வேலைக்கு ரங்கூன் கப்பலில் ஏறியவன்.
ரங்கூன் விழுந்து பதினாறு மாதம்.
கம்பெனி பணமும் அனுப்பவில்லை, காகிதமும் அனுப்பவில்லை.
கோயிலில் பூசைக்குப் பேர் கொடுக்கப் போனாளாம்;
உயிரோடு இருப்பவர்களுக்கா, மற்றவர்களுக்கா
என்று உபதேசியார் கேட்டாராம்.
கொண்டுபோன காசை முந்தானையிலேயே முடிந்துகொண்டு
திரும்பிவிட்டாளாம்.
ஊரில் சொன்னார்கள். அவள் சொல்லவில்லை.

"இல்லாத ஆளை எழுதினா எனக்கு வேலை போயிரும்."
"செத்த ஆளை எழுதுனா போகாதோ?"

கச்சான் படிவத்தைத் தூக்கியது.
உருண்ட கல்லை எடுத்து
திரும்ப வைத்தது அவள்தான்.

பெயர்: சந்தியாகு. வயது: முப்பத்திரண்டு.
தொழில் என்ற கட்டத்தில் கப்பல் என்று எழுதி
மையொற்றினேன்.

புண்ணியம் என்று நினைத்துவிடாதீர்கள்.
அடுத்த வாரமே அவன் பங்கு அரிசியை
ஸ்டேஷன் காப்பிக் கடைக்கு விற்றாள்.
நல்ல விலை. எனக்குத் தெரியும்,
அங்கேதான் எனக்கு இரண்டு வேளைச் சாப்பாடு.
வந்த காசில் நாலணாவை
யுத்த நிதிக்குப் பிடித்துக்கொண்டார்கள்.
மண்ணெண்ணெய் வாங்கப் போனபோது
பாக்கிக்குச் சில்லறை இல்லையென்று
முத்திருளப்பர் முத்திரை குத்திய அட்டைத் துண்டு கொடுத்தார்கள்.
அவர் மண்டியைத் தாண்டினால்
அது வெறும் அட்டை.

மறு ஆடி. புதுப் படிவம், அதே கல்.
பிரசிடெண்ட் வீட்டில் பதின்மூன்று தலை.
தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு.

பிலோமியாள் வாசலில் நான் எதுவும் கேட்கவில்லை.
போன வருஷத் தாளைப் பார்த்து அப்படியே எழுதினேன்.
எட்டிப் பார்த்தாள்.
எழுத்துத் தெரியாது அவளுக்கு.
எண் தெரியும்,
வள்ளங்களில் பார்த்துப் பழகியது.

செதில் ஒட்டிய விரலைக் கட்டத்தின் மேல் வைத்து,
"முப்பத்தி ரெண்டு இல்லங்க" என்றாள்.
"முப்பத்தி மூணு."