ஐந்நூறு கிராம்

நாற்பது டன் ஏறி நின்றால்
என் அறை லேசாக மூச்சுவிடும்.
பர்கூர் சாலை எடைமேடையில் பதினோரு வருடமாக
கருங்கல் பாளங்களுக்குச் சீட்டு கிழிக்கிறேன்.
பத்து கிலோ இப்படி, பத்து கிலோ அப்படி.
அதற்காக யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

பெட்டி புதன்கிழமை வந்தது.
"என்னக்கா, தையல் மிஷினா?"
ஆமாம் என்றேன் கூரியர் பையனிடம்.
பொய்க்கு ஒரு காரணமும் இல்லை.
திம்மராஜிடம் விலை சொன்னதும் அப்படித்தான்,
பாதி சொன்னேன்.
பாதிக்கே சோற்றில் கையை வைத்தபடி நிமிர்ந்தார்.
"ரெண்டு கறவை மாடு வாங்கலாம்."
அப்படியானால் நாலு மாடு
என்று எனக்குள் பெருக்கிக்கொண்டேன்.

பத்து வயதில் இரும்புக் கேட்டின் கீல் கடித்த மோதிர விரல்
இரண்டாம் கணுவில் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும்.
கல்யாணத்தன்று சோப்பு போட்டுத் தள்ளியும்
மோதிரம் ஏறவில்லை.
போட்டோவில் அந்தக் கை முந்தானைக்குள்.
கிளப்பின் பொதுத் துப்பாக்கியில் மூன்று வருடம்
சைக்கிள் டியூபைச் சுற்றிச் சுற்றிச் சுட்டேன்,
நூறு பேர் வியர்வை ஊறிய பிடியில்.

கைப்பிடிக்கு அளவு கேட்டார்கள்.
வரைபடத் தாளில் கையை விரித்து
பென்சில் ஓட்டி அனுப்பினேன்.
போதாது என்றார்கள்.
அணைக்கரை மண்ணைப் பிசைந்து
ஒருமுறை இறுக்கிப் பிடித்து
நிழலில் காயவைத்து
பழைய சட்டையில் சுற்றிப் புனேவுக்கு அனுப்பினேன்.
நாலு மாதம்.
இரும்பு எல்லோருக்கும் ஒன்றுதான்,
எங்கோ ஓர் ஆலையில் ஆயிரத்தில் ஒன்று.
மரம் மட்டும் எனக்கு.

மூடியைத் திறந்ததும் எண்ணெய் வாசனை.
கையை வைத்தேன்.
வைத்தேன் என்பது தப்பு,
கை போய் உட்கார்ந்துகொண்டது.
வளைந்த விரலுக்கென்று
அரை நெல் ஆழத்துக்கு ஒரு பள்ளம்,
பக்கத்தில் ஒரு சின்ன மேடு.
முகம் தெரியாத எவரோ
அந்த விரலை விசாரித்துச் செய்திருக்கிறார்.
முப்பத்தொரு வருடத்தில் முதல் ஆள்.

விசையின் எடை ஐந்நூறு கிராமுக்குக் குறையக் கூடாது.
போட்டியில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள்.
இரவு லாரி வராத நேரத்தில்
திருகாணியைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று
திருகித் திருகி
ஐந்நூற்று மூன்றில் நிறுத்தினேன்.
மூன்று கிராம் அதிகமோ என்று
தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கிருஷ்ணகிரியில் பழைய மாங்கூழ்க் கிடங்கு.
பெங்களூரா மாம்பழப் புளிப்பு
இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை.
பத்து மீட்டர்.
முதல் குண்டு ஏழு.
பல் டாக்டர் யாஸ்மின் கூரையைப் பார்த்தாள்.
பத்தாவது படிக்கும் கிரண்தான் வாயைத் திறந்தான்:
"துப்பாக்கி புதுசுக்கா. நீங்க பழசு."

சிரித்துவிட்டு மறுபடி நின்றேன்.
ஏழு, எட்டு, எட்டு, ஆறு.
பத்தொன்பதாவதை நான் சுட்டேனா தெரியாது.
மூச்சு பாதியில் நின்ற இடத்தில்
அழுத்திக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.
தாளின் நடுவில் மிளகளவு ஓட்டை.
அதன் வழியே வெளிச்சம் வந்தது.
இருபதாவது மறுபடி ஏழு.
பரவாயில்லை.

திங்களன்று மேசைக்கடியில் பெட்டியைப் பார்த்துவிட்டு
லாரி டிரைவர் மாதப்பன் கேட்டார்,
"இதுல எத்தனை கொக்கு விழும்?"
ஒன்றும் விழாது, காகிதத்தைத்தான் சுடுவேன் என்றேன்.
"காகிதத்துக்கா இத்தனை பாடு!"
முப்பத்தெட்டு டன் சீட்டை வாங்கிப்
பத்திரமாக மடித்து
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

ராத்திரி திம்மராஜ் கை நீட்டினார்.
காலி என்று இரண்டு தரம் பார்த்து
சுவர்ப்பக்கம் திருப்பிக் கொடுத்தேன்.
பிடித்தார், மாற்றிப் பிடித்தார்.
"இங்க என்னமோ உறுத்துது."
எங்கே என்று எனக்குத் தெரியும்.
அப்போதுதான் முழு விலையையும் சொன்னேன்.
ஒன்றும் பேசவில்லை.
உறுத்திய இடத்தைக் கட்டைவிரலால்
தடவிக்கொண்டே இருந்தார்.