ஹூசவிக் நீச்சல்குளம்

குளத்தில் இறங்குமுன்
உடுப்பின்றிக் குளிக்க வேண்டும். இங்கே சட்டம் அது.
சுவரில் படம் வேறு.

இரண்டு குளிர்காலம்
சளி என்றாள் ஸ்டெய்னுன், காதுவலி என்றாள்.
எண்சாண் உடம்பில் ஒரு சாணை
ஊருக்கு மறைப்பது
முழுநேர வேலை.

இன்று துவாலையைக் கொக்கியில் மாட்டினாள்.
தொப்புளுக்கு வலப்பக்கம்,
வெட்டியெடுத்த பெருங்குடலுக்குப் பதிலாக
தோல் நிறத்தில் ஒரு பை.
மிச்சக் குடல் தன் வேலையைப் பார்த்தது,
சிறு சத்தத்தோடு.

பக்கத்துக் குழாயில்
மீன் ஆலைக்காரி தோர்தீஸ்
தலை நிறைய நுரையோடு திரும்பினாள்:
"வெந்நீரில் பசை விடாதா?"

"விட்டுப் போனானே,
அவனைவிடக் கெட்டி."

சிரித்ததில் சோப்பு நழுவி
வடிகால்வரை போனது.
எடுக்க இருவருமே குனிந்தார்கள்.

வெளியே பனி. குளத்தில் ஆவி.
படியில் கொஞ்சம் நின்றாள்,
பிறகு கழுத்துவரை.