கடைசிப் பாதைக்குப் பிறகு

மண்டூர்த் துறையில்
கடைசிப் பாதை ஆறரைக்குப் போகும்.
மறுகா விடியும்வரை
இந்தக் கரைக்கு வேறு கரை இல்லை.

அவன் கை ஓங்குவது எப்போதும்
அதற்குப் பிறகுதான்.
வெறியில் செய்கிறான் என்றார்கள்.
வெறிக்கு நேரசூசி தெரியுமா?

எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில்
ஒரு கிடுகு வேலி.
மீன் பொரிந்தால் மணக்கும்,
புள்ள இருமினால் கேட்கும்.
மூன்று வருசம் நான்
ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.
செய்தி வாசிக்கிறவர் எத்தனை இரவு
எனக்காகக் கத்தியிருப்பார்.

"குடும்ப விசயம்" என்றார் சங்கத் தலைவர்.
"நல்ல உழைப்பாளி" என்றான்
லோன் காசுக்கு வந்த பொடியன்.

அந்த வீடு அவளுடையது.
தாய் எழுதிக் கொடுத்தது.
உறுதியில் பேர் சீனித்தம்பி நேசமலர்.
ஒரு சாரத்தோடும் சைக்கிளோடும்
வந்து ஏறியவன் அவன்.
ஆனாலும் கார்த்திகை மழைக்குள்
கைக்குழந்தையோடு முற்றத்தில் நின்றது
அவள்தான்.

அன்றைக்கு ரேடியோவை நிறுத்தினேன்.

வேலியில் ஒரு கிடுகைக் கழற்றினேன்,
ஒரு ஆள் குனிந்து வரும் அளவு.
"நாய் பிய்த்தது" என்றேன் என்னவரிடம்.

கைமாற்று அரிசியைத் திருப்பித் தர வந்தவள்
சுண்டுக்கு அடியில் ஒரு பையைத் தந்தாள்.
உள்ளே அடையாள அட்டை.
அடுத்த மாதம் உறுதி.
மறுகா பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சி,
கிளினிக் கொப்பி,
ஒரு தோடு. மற்றது அடகில்.
எல்லாம் என் அரிசி வாளிக்குள்.
உலைக்கு அள்ளும்போதெல்லாம்
அவளுடைய சீவியம்
கையில் தட்டுப்பட்டது.

மாசி. வெட்டுக்கூலி கிடைத்த இரவு.
மூத்தவன் கிதுசன்தான் முதலில் வந்தான்,
வேலிப் பொட்டுக்குள்ளால்.
ஏழு வயசு. செருப்பில்லை. முதுகில் பள்ளிக்கூடப் பை.
"அம்மா வாறா" என்றான்
பாடம் ஒப்புவிக்கிறவன் போல.

அவளுடைய மனிசன்
எங்கள் படலையில் நின்று கத்தினான்.
என்னவர் எழும்பிப் போனார்,
லைட்டைப் போட்டார்,
வாசலில் குந்தி
ஒரு மண்வெட்டிப் பிடியைச் சீவத் தொடங்கினார்.
ஒரு சொல்லும் இல்லை.
நாய் பிய்க்கவில்லை என்று
எப்போதோ தெரிந்திருக்கிறது அவருக்கு.

எதிர்வீட்டில் ஒரு லைட் எரிந்தது.
அதற்கங்கால் இன்னொன்று.
யாரும் வெளியே வரவில்லை.
ஆனால் எரிந்தது.
அவன் கிறுகிப் போனான்.

ஆறு மணிக்கு முதல் பாதை.
கயிறு அவிழ்த்த பொடியன்
அவள் கண்ணைப் பார்த்தான்.
"விழுந்தீங்களா அக்கா?"
"இல்ல. அடிச்சது."
ஆற்றின் நடுவில்,
தெரியாத ஒருவனிடம்,
முதல் தடவையாகச் சொன்னாள்.
களுவாஞ்சிக்குடி ஆசுபத்திரியில்
இரண்டாம் தடவை. எழுதினார்கள்.
நீதவானுக்கு முன்னால் குரல் நடுங்கவில்லை.

இப்போது ஒரு கட்டளை இருக்கிறது.
வருசம் முடியும்வரை
அவன் அந்த வளவை மிதிக்கக்கூடாது.
கடுதாசிதான்.
கடுதாசிக்குக் கை இல்லை.
அதனால் கிடுகை
நான் இன்னும் கட்டவில்லை.

நேசமலர் தன் பையை
வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.
வாளிக்குள் இப்போது
வேறொரு பை கிடக்கிறது.
யாருடையது என்று மட்டும்
கேட்காதேயுங்கோ.